கடலுக்குப் போன மோட்டார் சைக்கிள்

என் வீட்டுக்காரர் கடலோரமாக மோட்டார் சைக்கிள் விட்ட கதையைக் கேட்காத ஆள் சேந்தமங்கலத்தில் கிடையாது. உள்ளூர்க்காரர்கள் இப்போது அவரைக் கண்டால் வேறு தெருவில் திரும்பிவிடுகிறார்கள். அதனால் வெளியூர்க்காரர் யாராவது சிக்கினால் விடமாட்டார். அலை பனைமர உயரம் வந்ததாம், காற்று முகத்தில் அறைந்ததாம், இவர் ஒற்றைக் கையால் வண்டியை ஓட்டினாராம். நாக்கு கூசாமல் அளப்பார். அந்தப் பயணத்தில் அவருக்குப் பக்கத்தில், வண்டியோடு ஒட்டவைத்த தகரத் தொட்டியில், முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்து போனவள் நான். நடந்தது என்ன என்று எனக்குத் தெரியும்.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். என் மாமனார் மிளகு வியாபாரி. கொல்லிமலையில் வளப்பூர் நாடு, குண்டனி நாடு என்று கால்நடையாக ஏறி இறங்கி மிளகு வாங்கி, கீழே கொண்டுவந்து விற்பார். இளவயதில் ஒருமுறை மிளகு வண்டிகளோடு நாகப்பட்டினம் வரைக்கும் போய்க் கடலைப் பார்த்துவிட்டு வந்தவர். அதற்கப்புறம் எதைப் பார்த்தாலும் அவருக்குக் கடல்தான் பேச்சு. ஏரி நிரம்பினால், "இதென்ன தண்ணி, கடல்ல பார்க்கோணும்" என்பார். சாகக் கிடந்தபோதும் அதையே சொன்னார். எங்கள் பக்கத்து ஆட்களுக்கெல்லாம் காவிரி போதும், மோகனூரில் கரைத்துவிட்டு வந்து அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். இவர் மட்டும் தன் அஸ்தியைக் கடலில்தான் விட வேண்டும் என்று அத்தையின் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார்.

அத்தை என்றால் என் மாமியார். அவர் அதிகம் பேசமாட்டார். கருமாதி முடிந்த அன்று சாப்பிட உட்கார்ந்தவர், இலையில் வைத்த உப்பை விரலால் ஓரமாகத் தள்ளினார்.

"அவரு உப்புத் தண்ணியில சேர்ற வரைக்கும் எனக்கு உப்பு வேண்டாங் கண்ணு."

அவ்வளவுதான். அன்றிலிருந்து உப்பில்லாத களி, உப்பில்லாத ரசம், உப்பில்லாத மோர். செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஒரு நாள் அவரோடு சேர்ந்து நானும் சாப்பிட்டுப் பார்த்தேன், இரண்டாவது கவளம் தொண்டையில் இறங்கவில்லை. அத்தை முகத்தைக்கூடச் சுளிக்காமல் சாப்பிட்டு எழுந்தார். ஆள் மட்டும் நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே வந்தார்.

மறுநாளே பஸ் ஏறித் திருச்சிராப்பள்ளி போய், அங்கிருந்து ரயிலில் நாகப்பட்டினம் போயிருந்தால் அந்த வாரமே காரியம் முடிந்திருக்கும். என் வீட்டுக்காரர் ஒரே பிள்ளை. கொள்ளி வைத்தவர். அஸ்திப் பானையை அவர்தான் தொடலாம், அவர்தான் கரைக்கலாம், எங்கள் பெண்டுகள் அதைத் தொடவே கூடாது. அப்படிப்பட்ட பிள்ளை என்ன செய்தார் தெரியுமா? மோட்டார் சைக்கிளில்தான் போவேன் என்று உட்கார்ந்துகொண்டார்.

அந்த வண்டி, மலையை அளக்க வந்த வெள்ளைக்காரர் ஒருவர் கப்பலேறும்போது எங்கள் வீட்டுக்காரர் தலையில் கட்டிவிட்டுப் போனது. கூடவே நாலைந்து பழைய இங்கிலீஷ் பத்திரிகைகளையும் கொடுத்துவிட்டுப் போனார். அதில் ஒன்றில் ஒரு படம். கடலோரத்தில் ஒரு துரை மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறான், பக்கத்துத் தொட்டியில் துரைசானி கழுத்துத் துணி பறக்கச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். அந்தப் படத்தைக் கத்தரித்துச் சவரம் செய்யும் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்திருந்தார். நான் தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் கூட்டிப் பெருக்குவேன். அந்தத் துரைசானி பாவம், அன்றைக்கு அவள் அடுப்பு மூட்டியிருக்கமாட்டாள்.

"கடலூர் போயி, அங்கிருந்து கடலை ஒட்டியே நாகப்பட்டினம் போறோம் அம்மிணி. அப்பாவையும் கரைச்ச மாதிரி ஆச்சு, நாம ரெண்டு பேரும் கடலோரம் ஒரு சவாரி போன மாதிரியும் ஆச்சு" என்றார்.

"அத்தை உப்பில்லாமத் திங்குறாங்க. ரயில்ல போயிட்டு வந்துருங்க. சவாரியை அப்பறம் வெச்சுக்கலாம்" என்றேன்.

"உனக்கு ரசனையே கெடையாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வண்டிக்கு ஏதோ ஒரு சாமான் சேலத்திலிருந்து வர வேண்டும், இன்னொன்று மதராஸிலிருந்து வர வேண்டும். அது வருகிற வரைக்கும் மாமனார் சுடுகாட்டுப் புளியமரத்தில் பானையில் தொங்கினார். வைகாசியில் போனவர், ஆடி பிறந்தும் தொங்கிக்கொண்டே இருந்தார். அத்தை வாசலில் நின்று அந்தத் திசையைப் பார்த்துவிட்டு உள்ளே வந்து உப்பில்லாத களியைத் தின்பார். இவர் வண்டிக்கு எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருப்பார்.

ஒருவழியாகக் கிளம்பினோம். பெரிய ஜமீன் புறப்பாடு மாதிரி ஊரே கூடிவிட்டது. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள், தேங்காய் உடைத்தார்கள், ஒருவர் மாலை போட்டார். சாவுப் பானையோடு போகிற ஆளுக்கு மாலை போடலாமா என்று யாருக்கும் தோன்றவில்லை. இவர் முழங்கால் வரைக்கும் பூட்ஸ் மாட்டி, கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டு, எல்லாருக்கும் கையை ஆட்டினார். பின் இருக்கையில் பானைக்கு வேட்டி சுற்றிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். அப்பா பின்னால், பெண்டாட்டி பக்கத்தில், துரை முன்னால். அத்தை கூட்டத்தில் வரவில்லை. கதவோரமாக நின்று பானையை மட்டும் பார்த்துக் கும்பிட்டார்.

நேர் ரோட்டில் போயிருக்கலாம். காட்சி நன்றாக இருக்கும் என்று அடிவாரத்தை ஒட்டின வண்டித்தடத்தில் விட்டார். குதித்த குதிப்பில் என் பல்லெல்லாம் ஆடிப்போயிற்று. காரவள்ளி பக்கம் போனதும் வண்டி இரண்டு தரம் இருமியது, கரும்புகை விட்டது, நின்றது. இவர் இறங்கி உதைத்தார். சட்டையைக் கழற்றிவிட்டு உதைத்தார். மாடு மேய்க்கிறவர்கள் நாலு பேர் வந்து நிழலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். வெயில் உச்சிக்கு வருகிற வரைக்கும் உதைத்தும் அது அசையவில்லை.

"மாட்டைப் பூட்டி ஊருக்கு இழுத்துட்டுப் போயிரலாமுங்க. நாளைக்கு ரயிலேறுங்க" என்றேன்.

"காலையில ஊரே நின்னு வழியனுப்பிச்சுது. மத்தியானம் மாடு இழுத்துட்டு வந்தா நான் எப்படி அம்மிணி தலை நிமுந்து நடக்கறது?"

"தலை நிமுந்து நடக்க வேண்டாமுங்க. குனிஞ்சே நடங்க. அத்தைக்குச் சோத்துல உப்பு விழுகட்டும்."

கேட்கவே இல்லை. வண்டியை ஒரு குடியானவர் வைக்கோற்போருக்குப் பின்னால் தள்ளி மறைத்தார். நாமக்கல்லில் தெரிந்த மெக்கானிக் ஒருவனுக்கு ரகசியமாக ஆள் அனுப்பினார். அவன் வருகிற வரைக்கும் மலைமேல் போய் இருப்போம், வண்டி சரியானதும் கடலுக்குக் கிளம்புவோம் என்றார். வளப்பூர் நாட்டில் என் மாமனாருக்குக் காலங்காலமாக மிளகு கொடுத்துவந்த மலைக்காரர் ஒருவர் இருந்தார், அவர் வீட்டில் தங்கலாம் என்று யோசனை. கடலுக்குக் கிளம்பினவர்கள் மலையேறினோம்.

ஏறுகிற பாதை செங்குத்து. இவர் தோளில் பானை, காலில் பூட்ஸ். நாலு அடிக்கு ஒருதரம் நின்று மூச்சு வாங்கினார். நான் என் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தேன். சாயந்திரம் வளப்பூர் நாட்டு எல்லைக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே ஒரு பெரிய பலாமரம் நின்றது. அந்த மலைக்காரரே எதிரில் வந்தார், தகவல் எப்படியோ முன்னாலேயே ஏறிவிட்டிருந்தது. இவர் தோளில் இருந்ததைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"அதென்னுங்க?"

"எங்கப்பாங்க" என்றார் இவர்.

மலைக்காரர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பானையைப் பார்த்து விழுந்து கும்பிட்டார். எழுந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் சொன்னார்: "தப்பா நெனைக்காதீங்க. அஸ்தி எங்க சாமி எல்லையைத் தாண்டி வரக்கூடாதுங்க. காலுல போட்டிருக்கறதும் வரக்கூடாது. பெரியவருக்கும் இது தெரியும், அவரு ஒருநாளும் செருப்போட இந்த மரத்தைத் தாண்டுனதில்லீங்க. அவரு இந்தப் பலாவுலயே இருக்கட்டும். கீழ வெக்காம தொங்கவுடுங்க. எங்க ஆளுங்க யாரும் தொடமாட்டாங்க. போறப்ப மட்டும் மறக்காம எடுத்துக்கோங்க."

இவர் ஒரு கிளையில் கயிற்றை எறிந்து பானையை உயரமாகத் தூக்கிக் கட்டினார். பிறகு உட்கார்ந்து வெகுநேரம் பூட்ஸைக் கழற்றினார். அதை மரத்தடியில் ஒரு கல் சந்தில் வைத்து, மழை பட்டுவிடக் கூடாது என்று மேலே இரண்டு பலகைக்கல்லைச் சாய்த்தார். மாமனாருக்கு மேலே ஒன்றுமில்லை. நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

மலையில் எங்களை நன்றாகவே கவனித்தார்கள். சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு, பலாச்சுளை. எல்லாம் மாமனாருக்காகச் செய்தது, அனுபவித்தது இவர். மலைக்காரர் சம்சாரம் முதல் நாளே கேட்டாள்:

"கடலுக்குப் போறவிங்க மலைக்கு ஏனுங்க வந்தீங்க?"

"மேல இருந்து ஒரு பார்வை பார்த்துட்டுப் போலாம்னுதான்" என்றார் இவர். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் மொச்சை உரித்துக்கொண்டிருந்தேன், தலை நிமிரவில்லை.

அங்கே குழம்புக்கு உப்பை எண்ணி எண்ணிப் போடுவார்கள். கீழேயிருந்து தலைச்சுமையாக வர வேண்டும், சந்தையில் மிளகு கொடுத்து வாங்குவது. அந்த உப்பு போட்ட குழம்பை இவர் இரண்டாம் தரம் கேட்டு வாங்கி ஊற்றிக்கொள்வார். எனக்கு அத்தையின் ஞாபகம் வரும், பாதியில் எழுந்துவிடுவேன். "மலைக் காத்து உனக்கு ஒத்துக்கலையா?" என்று விசாரிப்பார். அந்த அக்கறையைக் கொண்டுபோய் அடுப்பில் போட வேண்டும்.

காலையில் பாறை விளிம்புக்குப் போய் நிற்பார். பள்ளம் முழுக்க மஞ்சு, அதாவது மலைப்பனி, வெள்ளையாகக் கிடக்கும், சேந்தமங்கலம், அடிவாரம் எதுவும் தெரியாது. "இதோ பாரு, கடல் இப்படித்தான் இருக்கும்" என்று எனக்குக் காட்டுவார். தான் கடலையே பார்த்ததில்லை என்பது அவருக்கு மறந்துபோய்விட்டது. மஞ்சு பாறையில் மோதி ஏறி இறங்குவதை வைத்த கண் வாங்காமல் பார்ப்பார். வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பார். அவர் கதை தயாரித்துக்கொண்டிருந்தார் என்று எனக்கு அப்புறம்தான் புரிந்தது. சேந்தமங்கலத்தில் அவர் சொன்ன அலையெல்லாம் இந்த மஞ்சுதான்.

ஒரு நாள் முற்பகல் கீழேயிருந்து ஆள் வந்தது. வண்டி ஓட ஆரம்பித்துவிட்டது, மெக்கானிக் காத்திருக்கிறான், அவனுக்கு அவசரம். தூறல் பிடித்திருந்தது. மலைக்காரர் சம்சாரம் ஒரு கூடை பலாப்பழத்தோடு என்னைக் கூட்டிக்கொண்டு முன்னால் இறங்கினாள். அவள் கால் வேகத்துக்கு நான் ஓட வேண்டியிருந்தது. பலாமரத்தடியில் நாங்கள் நிற்கவில்லை, பானை இருந்த பக்கம் கும்பிட்டுவிட்டு நடந்தோம். அது அவர் எடுக்க வேண்டியது, நான் தொடக் கூடாதது.

அடிவாரத்தில் வைக்கோற்போர் ஓரம் நின்று காத்திருந்தோம். இவர் வந்தார். பூட்ஸ் சத்தம்தான் முதலில் கேட்டது. நன்றாகத் துடைத்து மாட்டிக்கொண்டு, சேற்றில் பட்டுவிடாமல் கல் மேல் கல்லாகக் காலை வைத்து வந்தார். இரண்டு கையும் வீசி வந்தார்.

"மாமா எங்கீங்க?" என்றேன்.

புரியாமல் என்னைப் பார்த்தார். அப்புறம் தோளைத் தொட்டுப் பார்த்தார். முகம் ஒரு நிமிடம் வெளுத்தது. ஒரே நிமிடம்தான்.

"பலாவுல... தூறல்ல அவசரமா..." என்றார்.

"ஏறி எடுத்துட்டு வாங்க. நான் இங்கயே உக்காந்திருக்கேன்."

மலையை அண்ணாந்து பார்த்தார். பூட்ஸைப் பார்த்தார். மெக்கானிக் பக்கம் திரும்பி, "வண்டி நாகப்பட்டினம் போகுமா?" என்றார். ஊர் வரைக்கும் போனாலே பெரிது என்று அவன் கையை விரித்தான். அதைக் கேட்டதும் இவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது பாருங்கள், அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

"வண்டி இந்த நெலமையில கடலுக்குப் போகாது. கடலுக்குப் போகாதப்ப பானையை இப்பவே எறக்கி என்ன பண்றது? அங்கயே பத்திரமா இருக்குது. அப்பறமா ஆளனுப்பி எடுத்துக்கலாம். அம்மாகிட்ட கரைச்சாச்சுன்னு சொல்லிரலாம். அவங்க மனசும் ஆறும், உப்பும் போட்டுக்குவாங்க."

"பூட்ஸை மறக்கலையேங்க" என்றேன்.

மலைக்காரர் சம்சாரம் கூடையை இறக்கித் தொட்டியில் வைத்துவிட்டு மலைப்பக்கம் திரும்பி நடந்தாள்.

நேராக ஊருக்குள் போகவில்லை. காரவள்ளிப் பக்கமிருந்து வந்தால் குட்டு வெளிப்பட்டுவிடுமாம். சுற்றிக்கொண்டு போய் நாமக்கல் ரோட்டில் ஏறி, அந்தப் பக்கமிருந்து ஊருக்குள் வந்தார். வழியில் ஒரு சந்தையில் நிறுத்தி, ஒரு பிடி சோழி வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பலாப்பழத்தைப் பற்றி யாராவது கேட்டால் பண்ருட்டியில் வாங்கினது என்று சொல்லச் சொன்னார். இதற்கெல்லாம் அவர் மூளை என்னமாய் வேலை செய்தது.

வீட்டு முன்னால் வண்டி நிற்பதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. இறங்கக்கூட இல்லை, வண்டியில் உட்கார்ந்தபடியே ஆரம்பித்தார். கடலூர் தாண்டினதும் கடல் தெரிந்ததாம், அங்கிருந்து தெற்கே போகப் போக வலதுகைப் பக்கம் முழுக்கக் கடலாம், அலைச் சாரலில் என் புடவை நனைந்துவிட்டதாம். கூட்டத்தில் தபால்காரர் ஒருவர் நின்றிருந்தார். அவர் மெதுவாகக் கேட்டார்:

"தெக்க போனா கடல் எடதுகைப் பக்கமல்லங்க வரும்?"

"நான் திரும்பி வாரப்ப பார்த்ததைச் சொல்றேன்" என்றார் இவர். சொல்லிவிட்டுத் தொண்டையைச் செருமிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, தொட்டியை விட்டு இறங்கி உள்ளே போய்விட்டேன்.

அத்தை உள்ளே உட்கார்ந்திருந்தார். நாங்கள் போன இந்தக் கொஞ்ச நாளிலேயே கழுத்தெலும்பு இன்னும் எடுத்துக்காட்டியது. வெளியே பிள்ளை அளந்த கதையெல்லாம் அவர் காதிலும் விழுந்திருக்கும். இவர் பின்னாலேயே வந்து, சட்டைப்பையிலிருந்து சோழியை எடுத்து அம்மா கையில் கொட்டினார்.

"கடல்ல ஒதுங்கினதும்மா. அப்பாவைக் கரைச்ச எடத்துல பொறுக்கினேன்."

அத்தை ஒரு சோழியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். இன்னொன்றை எடுத்துப் பார்த்தார். எல்லாவற்றிலும் கயிறு கோக்க ஓட்டை இருந்தது. மாட்டுக் கழுத்துக்குப் பட்டை கட்ட விற்கிற சோழி. குடியானவர் வீட்டில் பிறந்து வளர்ந்த பெண்ணுக்கு அது தெரியாதா? பிறந்த ஊரில் கட்டுத்தறி முன்னால் நின்று எத்தனை மாட்டுக்குக் கோத்துக் கட்டியிருப்பார். இந்தத் துரைக்குத்தான் அது தெரியவில்லை.

"கடல்லயே ஓட்டை போட்டுத்தான் ஒதுக்குதாக்கு" என்றார் அத்தை.

இவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அத்தை அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"இன்னிக்கு ரசத்துல உப்புப் போடறதா கண்ணு?"

இவர் எனக்குக் கண்ணைக் காட்டினார். புருவத்தைத் தூக்கினார், இறக்கினார். எனக்கு அவரைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. உண்மையைச் சொன்னால் அத்தைக்கு எவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தப் பொய்யை அவர் இலையில் என் கையால் வைக்க என்னால் முடியாது.

"வேண்டாமுங்க அத்தை. மாமா இன்னும் உப்புத் தண்ணியில சேரலீங்க. வண்டி காரவள்ளியிலயே நின்னுபோச்சு. நாங்க கடலுக்கே போகலை. மாமா வளப்பூர் நாட்டு எல்லையில பலாமரத்துல தொங்கறாருங்க. எடுக்க மறந்துட்டு வந்துட்டாரு உங்க மகன்."

அத்தை சோழிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வரிசையாக வைத்தார்.

"மேல மழையா கண்ணு?"

"ஆமாங்க. தூறிட்டிருக்குது."

"நனைஞ்சுட்டிருப்பாரு" என்றார்.

"அம்மா, சாம்பலுக்கு என்னம்மா மழை..." என்று இவர் ஆரம்பித்தார்.

"உம்பட பூட்ஸு நனைஞ்சுதா சாமி?" என்றார் அத்தை, அதே குரலில். பிள்ளை காலைப் பார்த்துத்தான் கேட்டார். அது பளபளவென்று இருந்தது. இவர் வெளியே போய்விட்டார், அன்றைக்குச் சாப்பிடக்கூட உள்ளே வரவில்லை.

மறுநாள் விடிந்ததும் அத்தையும் நானும் நடந்தோம். இத்தனை நாள் உப்பில்லாமல் தின்ற உடம்பு அந்த மலையை எப்படி ஏறியது என்று கேட்காதீர்கள். உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார், என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார். இவர் பின்னாலேயே அடிவாரம் வரைக்கும் வந்து, "அம்மா, நான் போயி எடுத்துட்டு வாரேன்" என்றார். அத்தை திரும்பியே பார்க்கவில்லை. கொஞ்ச தூரம் பின்னால் வந்துகொண்டிருந்த பூட்ஸ் சத்தம் அப்புறம் கேட்கவில்லை.

பலாமரத்தில் பானை அப்படியே இருந்தது. அதன் மேல், மலையில் வீடு வேய்கிற போதைப்புல்லில் குடை மாதிரி ஒரு கூரை முடைந்து கட்டியிருந்தது. பானையை யாரும் தொடவில்லை, கிளையில் கயிறு போட்டுக் கூரையை மட்டும் மேலே இறக்கியிருந்தார்கள். மலைக்காரர் மரத்தடியில் நின்றிருந்தார், அவர் சம்சாரமும் நின்றிருந்தாள்.

"மகன் வரலீங்களா?" என்றார் அவர். "பொம்பளைங்க தொடக்கூடாதுன்னு உங்க பக்கம் சொல்லுவாங்களே."

"இத்தன வருசம் நான் தொட்ட ஆளுதானுங்க" என்றார் அத்தை.

கயிற்றை அவரே அவிழ்த்தார். பானையை இறக்கி, முந்தானையால் துடைத்து, இடுப்பில் வைத்துக்கொண்டார். இறங்கி வருகிற வழியெல்லாம் நான் வாங்கிக்கொள்கிறேன் என்று கேட்டுப் பார்த்தேன், தரவில்லை.

பஸ்ஸிலும் மடியில் பானை. ரயிலிலும் மடியில் பானை. எதிரில் உட்கார்ந்தவர்கள் என்ன என்று கேட்டதற்கு, "எங்கூட்டுக்காரரு" என்றார், அவர்கள் எழுந்து வேறு இடம் போய் உட்கார்ந்தார்கள். எங்களுக்குக் கால் நீட்ட வசதியாயிற்று.

நாகப்பட்டினத்தில் கடலைப் பார்த்தோம். மஞ்சு மாதிரியெல்லாம் இல்லை. மஞ்சு சத்தம் போடாது, இது ஓயாமல் போட்டது. அத்தை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினார். நான் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். பானையைச் சாய்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார், ஒரு அலை வந்து மிச்சத்தைப் பானையோடு வாங்கிக்கொண்டு போயிற்று.

"இதைத்தான் சொல்லிட்டே கெடந்தீங்களா" என்றார் கடலைப் பார்த்து. அவர் அழுததை அன்றுதான் நான் முதலில் பார்த்தேன்.

பிறகு குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளி வாயில் வைத்தார். கண்ணை மூடி, மெதுவாக விழுங்கினார்.

"ஊட்டுக்குப் போனதும் எனக்கு ஒரு ரசம் வெய்யி கண்ணு. உப்புப் போட்டு" என்றார்.